வயிற்றில் மூன்று கோடு

1

வெளிதேசத்தில் இருக்கிறவர்கள் தங்கள் சமாசாரத்தை எழுதி அனுப்பலாம் என்று நம் சபைப் பத்திரிகையில் போட்டிருந்தது. நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன். எழுத்து நீளாது. இந்த நாட்டு மழையைப் பற்றியும் மலைப்பாம்பைப் பற்றியும் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒரு காரியத்தை மட்டும் எழுதுகிறேன்.

போன வருஷம் ஆடி மாதம் இதே வாரத்தில் ஒரு சத்தியக் கடுதாசியில் கையெழுத்துப் போட்டேன். என் மூத்த மகனைப் பற்றியது. வருஷம் ஒன்று ஆகிவிட்டது. இன்னும் அது மனதை விட்டுப் போகவில்லை.

நம் ஊர் தக்கலைக்கு மேற்கே, சிதறால் போகிற வழியில். என்னைத் தெரிந்தவர்கள் இன்னும் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்கள் இதை வாசித்துவிட்டு மற்றவர்களுக்குச் சொன்னால் போதும்.

2

மலாயாவில் பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை. மருந்து கொடுக்கிற டிரெசர் ஐயாவுக்குக் கையாள். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆட்கள் வந்து நிற்கும்போது நான் மலைக்காய்ச்சலுக்கான கொயினா மருந்தை எடுத்துக்கொண்டு போவேன். ஒவ்வொருவன் வாயிலும் ஊற்றி, விழுங்கிவிட்டானா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். பிறகு புண்ணுக்குக் கட்டு. பிறகு பதினாலு கட்டிலையும் துடைப்பது. பதினேழு வருஷமாக இதுதான்.

மனைவி அன்னம்மாளும் இளையவள் ரூத்தும் கூட இருக்கிறார்கள். ரூத் இங்கே பிறந்தவள். வீட்டுக்குள் வெள்ளம் என்பாள். படி இறங்கினால் மலாய்ப் பேச்சில் ஆயர் என்பாள். இரண்டும் தண்ணீர்தான். அண்ணனுக்கு எழுது என்றால் இங்கிலீஷில் எழுதுகிறாள். என்ன எழுதினாய் என்று கேட்டால் சும்மா என்கிறாள்.

மூத்தவன் ஊரில் பிறந்தவன். ஏழு வயதில் தாயோடு கப்பலில் வந்தான். பதினாலில் படிப்புக்காக நாகர்கோவிலுக்குத் திருப்பி அனுப்பினோம். போர்டிங்கில் இருந்து இண்டர்மீடியேட் முடித்தான். அதற்கு மேல் பி.ஏ. படிப்பான் என்று இருந்தேன். அவன் சென்னையில் தேகாப்பியாசக் கல்லூரியில் சேரப் போவதாக எழுதினான்.

அன்னம்மாள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள். "தலைகீழா நிக்கதுக்கு ஒரு காலேஜா? நம்ம ஊருல இத வேலியேறிக் குதிச்சுப் படிப்பானுவ" என்றாள்.

அது அப்படி இல்லை என்று அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதியிருந்தான். எலும்புகளின் பெயர் படிக்கவேண்டும். இரத்தம் ஓடுகிற வழி, சுகாதாரம், ஆகாரம், முதலுதவி எல்லாம் உண்டு. கம்பியில் ஏறுவது, பந்து விளையாட்டு, நீச்சல் எல்லாவற்றிலும் பரீட்சை வைப்பார்கள். தேறினால் ஹைஸ்கூலில் தேகப்பயிற்சி உபாத்தியாயர் வேலை. வியாதி வந்த பிறகு மருந்து கொடுக்கிறது உங்கள் வேலை, வராமல் பார்க்கிறது என் வேலை என்று எழுதியிருந்தான். அந்த வரியை டிரெசரிடம் வாசித்துக் காட்டினேன்.

எங்களுக்கும் புத்தி சொல்லியிருந்தான். அரிசியைத் தீட்டிச் சாப்பிடக் கூடாது. காலையில் ஜன்னலைத் திறந்து மூக்கால் மூச்சு இழுக்கவேண்டும்.

"இதுவரை எதால இழுத்தோமாம்?" என்றாள் அன்னம்மாள். ஆனாலும் மறுநாள் ஜன்னலைத் திறந்தாள்.

3

சேர்ந்து மூன்றாம் வாரம் ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே அவன் கடிதமும் ஒரு அச்சுக் காகிதமும் இருந்தன.

கல்லூரி டாக்டர் எல்லாப் பிள்ளைகளையும் சட்டை கழற்றி நிறுத்திப் பார்த்திருக்கிறார். மார்பை அளந்து, பல்லைப் பார்த்து, இருதயத்தைக் கேட்டிருக்கிறார். என் மகனிடம் வந்ததும் நின்றுவிட்டார். தொப்புளுக்கு மேல் மூன்று கோடு. பழைய சூட்டுத் தழும்பு.

மகன் எழுதியிருந்தது இது. "சின்ன வயதில் கஞ்சி கொட்டியது என்று நீங்கள் சொன்னதை டாக்டரிடம் சொன்னேன். கஞ்சி மூன்று நேர்கோடாகக் கொட்டாது என்று சிரித்தார். என்ன நோய்க்காகச் சுட்டது என்று தகப்பனார் சத்தியம் செய்து எழுதி அனுப்பவேண்டும். அதுவரை கம்பியும் நீச்சலும் எனக்கு இல்லை. மற்றவர்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சீக்கிரம் அனுப்புங்கள்."

ஊரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு காரியத்தை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தோம். இப்போது சொல்லுகிறேன். அவனுக்கு ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் நடுவில் மூன்று தடவை வலிப்பு வந்தது. மூன்றும் காய்ச்சலோடு வந்தது. காய்ச்சல் என்று மட்டும் தெரிந்த அயல்வீட்டார் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். நாங்கள் போகவில்லை. சூடு வைக்கிற ஆசான் ஒருவரை வரவழைத்தோம். அவர் கம்பியைக் காய்ச்சினார். கால் இரண்டையும் பிடித்தவன் நான்.

அதன் பிறகு வலிப்பு வரவில்லை. அதனால் பலித்தது என்று நினைத்தோம். சூடு வைத்தது உபதேசியார் காதுக்குப் போனால் திருவிருந்து கொடுக்காமல் நிறுத்திவைப்பார்கள். அந்தப் பயத்தில் கஞ்சி கொட்டியது என்று சொன்னோம். பிள்ளை வளர்ந்து கேட்டபோது அவனிடமும் அதையே சொன்னோம். சொல்லிச் சொல்லி எனக்கே பாதி அப்படித்தான் இருந்தது.

4

டிரெசர் காகிதத்தை வாங்கிப் படித்தார். நான் உள்ளதைச் சொன்னேன்.

"காய்ச்சலோட வந்ததுதானே? சின்னப் பிள்ளையளுக்கு அப்படி வாறதுதான். வளர அது போயிடும். அதை ஒரு வருத்தம், வியாதி எண்டு எடுக்கத் தேவையில்லை" என்றார்.

"அப்ப வலிப்புன்னு எழுதலாமா?"

"எழுதினால் அவங்கள் பயப்படுவாங்கள். வயித்துவலிக்குச் சுட்டது எண்டு எழுதுவம். ஊரிலை எல்லாரும் செய்யிறதுதானே. நான் இங்கிலீஷிலை அடிச்சுத் தாறன். நீர் கோர்ட்டிலை போய் ஒப்பம் வைச்சால் போதும்."

எனக்கு அது பெரிய பொய்யாகத் தோன்றவில்லை. பிள்ளைக்குப் பத்தொன்பது வயது. காளை மாதிரி இருக்கிறான் என்று படத்தில் பார்த்தேன். சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து அன்னம்மாளிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி, மூணும் காய்ச்சலோடதானே வந்தது?"

"ஆமா."

"நான் இங்க வந்த பெறகு ஒண்ணும் இல்லியே?"

"இல்ல" என்றாள். கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். நாலு நாள் கழித்து மகனின் அடுத்த கடிதம் வந்தது. காகிதம் வந்துவிட்டால் உடனே நீச்சலில் சேர்ப்பார்கள், குளத்தின் ஆழப்பக்கம் ஆள் நிற்கிற உயரத்துக்கு இரண்டு மடங்கு, மேலே பலகையிலிருந்து குதிக்கவேண்டும் என்று சந்தோஷமாக எழுதியிருந்தான். அதை நான்தான் சத்தமாக வாசித்தேன். அன்னம்மாள் அடுப்பிலிருந்து பானையை இறக்கி வைத்தாள். சோறு இன்னும் வேகவில்லை.

"இஞ்ச பாருங்க. அவன வெள்ளத்துல எறங்கப்பிடாதுண்ணு எழுதுங்க."

"என்னத்துக்கு?"

"கப்பல்ல ஒரு தடவ வந்துது."

5

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

நாகப்பட்டணத்தில் ஏறி நாலாம் நாள் காலை. மேல்தட்டில் பிள்ளை கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தான். காய்ச்சல் இல்லை. திடீரென்று கண் மேலே போய் விழுந்தான். கையும் காலும் வெட்டி இழுத்தது. பக்கத்தில் கோட்டாற்று முஸ்லிம் உம்மா ஒருத்தி இருந்தாள். அவள் தன் துப்பட்டியை எடுத்துத் தாய், பிள்ளை இருவர் மேலும் போட்டு மறைத்து, கப்பல் டாக்டரின் ஆள் அந்தப் பக்கம் வந்தபோது, பிள்ளை உறங்குகிறான் என்று சொல்லிவிட்டாள்.

"என்ட்ட ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க டிரெசர்ட்ட சொல்லுவிய. கப்பல்ல தெரிஞ்சிருந்தா வியாதிக்காரங்கள வைக்குத தீவுல எறக்கிவச்சுப் பாத்து திருப்பி அனுப்பியிருப்பாவ. நாலு வருசம் உங்கள காணாம இருந்தேன். திரும்பிப் போவச் சொல்லுதியளா?"



தோட்டத்தில் இருந்த ஏழு வருஷமும் அவள் அவனை ஆற்றுக்கு விடமாட்டாள். மரத்தில் ஏறினால் அடிப்பாள். ஆண்பிள்ளையைப் பொத்தி வளர்க்கிறாய் என்று நான் பலமுறை ஏசியிருக்கிறேன். வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். அவனை ஊருக்கு அனுப்பும்போது போர்டிங் பாதிரி ஐயருக்கு ஒரு சீட்டு எழுதச் சொன்னாள், குளத்தில் குளிக்க விடவேண்டாம் என்று. சளி பிடிக்கும் என்று காரணம் சொன்னாள். நானே எழுதிக் கொடுத்தேன்.

"பன்னெண்டு வருசமா வரல்ல" என்றாள். "இனி வராது. டிரெசர் அடிச்சத போட்டுட்டு, வெள்ளத்துல மட்டும் எறங்காதேண்ணு அவனுக்குத் தனியா ஒரு வரி எழுதுங்க."

"நீச்சல் இல்லாம சர்ட்டிபிக்கேட் கிடைக்காது."

"அப்ப எறங்கட்டும். கர்த்தர் பாத்துக்கிடுவாரு."

சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

மூன்று நாள் எனக்கு வேலை ஓடவில்லை. கொயினாவை ஒருவனுக்கு இரண்டு தடவை ஊற்றிவிட்டேன். அவன், அண்ணாச்சி எனக்கு மட்டும் என்ன விருந்தா என்று கேட்டான். எங்கள் தோட்டத்தில் வலிப்புக்காரன் ஒருவன் முழங்கால் அளவு தண்ணீர் ஓடுகிற காணில் முகம் குப்புற விழுந்து இறந்தான். தூக்கியவர்களில் நானும் ஒருவன். அது நினைவில் வந்துகொண்டே இருந்தது.

அதைவிட ஒன்று என்னை வாட்டியது. மகன் படிக்கிற படிப்பு தன் உடம்பைக் காட்டுவதற்கு மட்டும் அல்ல. நாளைக்கு அவன் உபாத்தியாயராக நிற்பான். எவனோ பெற்ற பிள்ளையைக் கம்பியில் ஏற்றிவிட்டு, விழாமல் கீழே கையை நீட்டிக்கொண்டு நிற்பான். அந்த நேரம் இவனுக்கு வந்தால் விழுவது இரண்டு பேர்.

6

கோர்ட்டு டவுனில் இருக்கிறது. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். டிரெசர் அடித்துக் கொடுத்த காகிதம் சட்டைப்பையில் இருந்தது. அன்னம்மாள் அதைத்தான் போடப்போகிறேன் என்று நினைத்திருந்தாள். எனக்கும் அப்போது நிச்சயம் இல்லை.

துரைக்கு முன்னால் பேச்சை மாற்றிச் சொல்ல இண்டர்பிரெட்டர் என்று ஒருவர், தஞ்சாவூர்ப் பக்கம். முதல் தகராறு என் பெயர். மகனின் காகிதத்தில் என் ஞானஸ்நானப் பெயர் இருக்கிறது. இந்த நாட்டுக் காகிதத்தில் அது இல்லை. நான் கப்பலேறும்போது சீட்டு எழுதியவர் என் பெயருக்குப் பதில் என் அப்பன் பெயரை எழுதிவிட்டார். அன்று முதல் இங்கே நான் என் அப்பன்.

"அப்ப இந்தப் பையன் உமக்கு மகனா, பேரனா?" என்றார் இண்டர்பிரெட்டர்.

"மகன்."

"பிரிட்டிஷ் பிரஜைதானே?"

"திருவிதாங்கூர்."

"அது இந்தியாவுலதானேய்யா இருக்கு?"

"இருக்கு. ராஜா வேற."

"உங்க ராஜாவுக்கு இந்தக் காகிதத்துல எடம் விடலியே" என்று சொல்லி ஓரத்தில் சின்னதாக எழுதினார். பிறகு வேத புஸ்தகத்தைக் கையில் கொடுத்தார். டிரெசர் அடித்ததை இங்கிலீஷில் துரைக்கு வாசித்துவிட்டு எனக்குத் தமிழில் சொன்னார்.

"வயித்துவலிக்காக நாட்டு வைத்தியன் சூடு போட்டது. வேற வியாதி எதுவும் கிடையாது. இது சத்தியமா?"

நான் கையிலிருந்த வேத புஸ்தகத்தைப் பார்த்தேன்.

"ஆமான்னு சொல்லும். பின்னால பதினஞ்சு பேர் நிக்கிறாங்க."

"இல்லை" என்றேன்.

"கையெழுத்துப் போட பஸ்ஸேறி வந்துட்டு இல்லேங்கிறீரே. எது இல்ல?"

"வயித்துவலி இல்லை. வலிப்பு. மூணு தடவை காய்ச்சலோட. ஒரு தடவை காய்ச்சல் இல்லாம, ஏழு வயசுல, கப்பல்ல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தினார். "பையனுக்குப் படிப்பு போயிடும்யா. தெரிஞ்சுதான் சொல்றீரா?"

"தெரிஞ்சுதான்."

வேறு காகிதம் எடுத்து எழுதினார். நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். என் ஞானஸ்நானப் பெயர், அடைப்புக்குள் அப்பன் பெயர்.

அங்கேயே கல்லூரி விலாசத்துக்குத் தபாலில் போட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்தால் போடமாட்டேன் என்று தெரியும். அதே உறையில் மகனுக்கு ஐந்து வரி எழுதி வைத்தேன். கஞ்சி கொட்டியது பொய். உள்ளது இது. தண்ணீரில் இறங்காதே. அம்மாவைக் கோபிக்காதே. நாங்கள் மறைத்தோம், எங்களை மன்னி.

வீட்டுக்கு வந்து அன்னம்மாளிடம் சொன்னேன். வாசல் திண்டில் உட்கார்ந்தாள்.

"நாந்தான் மறைச்சேன்னு எழுதினியளா?"

"இல்ல. நாங்க மறைச்சோம்னு எழுதினேன்."

"நீங்க எங்க மறைச்சிய. உங்களுக்குத் தெரியவே தெரியாது."

"அன்னைக்கு அவன் கால நாந்தானே பிடிச்சேன்."

அவள் எழுந்து போய் சோறு போட்டாள். இரண்டு பேரும் தின்றோம். என்ன கறி என்று எனக்கு ஞாபகம் இல்லை.

7

கல்லூரியிலிருந்து மரியாதையாகத்தான் பதில் வந்தது. டிரெசர் வாசித்துச் சொன்னார். பெரிய டாக்டரிடம் காட்டினார்களாம். இப்போது உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. மறுபடி வரும் என்றும் சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது. மற்றப் பிள்ளைகளைத் தாங்கிப் பிடிக்கிற வேலை என்பதால் இந்தப் படிப்புக்கு வைத்துக்கொள்ள விதி இல்லை. உள்ளதை எழுதியதற்காக எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். அந்த நன்றியை டிரெசர் மெதுவாக வாசித்தார்.

"நீர் பிழை செய்யேல்லை" என்றார். பிறகு, "நான் எண்டால் செய்திருக்க மாட்டன்" என்றார்.

மகன் எனக்கு ஒரே ஒரு கடிதம் எழுதினான். எப்போதும் நடுநடுவே இங்கிலீஷ் வார்த்தை கலந்து எழுதுகிறவன் அதை முழுத் தமிழில் எழுதியிருந்தான். "அந்த வியாதியை நான் பார்த்ததில்லை. என்னோடு படித்தவர்களும் பார்த்ததில்லை. நீங்கள் எழுதித்தான் எனக்கு வந்தது." அதற்குக் கீழே கையெழுத்து.

அவன் சொல்வதில் தப்பு இல்லை.

இப்போது ஊர்ப்பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறான். சாயங்காலம் பையன்களைப் பந்து அடிக்க விடுகிறான் என்று கேள்வி. தாய்க்கு எழுதுவான். எனக்கு எழுதுவதில்லை. கடிதம் வந்தால் அவள் வாசித்துவிட்டு மடித்து வைப்பாள். நான் கேட்பேன்.

"உடம்பு?"

"சொகமாம்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

அவனை அங்கே பார்க்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பெயர் எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவனுக்கு இதுவும் பிடிக்காது. அன்னம்மாள் யோசித்து, எழுதுங்க என்றாள். அவன் எங்கேயாவது விழுந்தால் கையில் சாவியைக் கொடுக்கவேண்டாம். வாயில் ஒன்றும் ஊற்றவேண்டாம். கையைக் காலை அமுக்கிப் பிடிக்கவேண்டாம். இழுப்பு நின்றதும் ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள். யார் சொன்னாலும் இரும்பைக் காய்ச்சவேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இன்னும் ஒன்று. இந்த வருஷம் முழுவதும் அவனுக்கு ஒன்றும் வரவில்லை. போன தபாலில் ஒருநாள் தலை சுற்றியது என்று எழுதியிருந்தான். அன்னம்மாள் அந்த வரியைச் சத்தமாக வாசித்தாள். நான் சட்டென்று நிமிர்ந்தேன். முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை. நான் எழுதியது சரிதான் என்று உள்ளே ஒன்று சொன்னது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"சந்தோசமா இருக்கா?" என்று கேட்டாள்.

அடுத்த வரியை வாசித்தாள். வெயிலில் நின்றதால் சுற்றியதாம். மோர் குடித்தானாம். சரியாகிவிட்டதாம்.

அன்றிலிருந்து ஜெபத்தில் ஒன்றையே கேட்கிறேன். அது வரவே வேண்டாம். அவன் எழுபது வயது வரை இருந்து, என் அப்பன் ஒன்றுமில்லாததை எழுதி என் படிப்பைக் கெடுத்தான் என்று தன் பேரப்பிள்ளைகளிடம் சொல்லட்டும்.